ஆட்சியர் அலுவலகத்தில் அரபி

எண்களை அழுத்தி முடித்ததும் வளர்மதி நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு ஆஸ்பத்திரியின் டெலிபோன் ஆபரேட்டருக்கு, கலெக்டர் அறைக்குள் நுழைகிறவர் காட்டும் மரியாதையைக் காட்டினார்.

என் மேசைக்கு எதிரே மும்தாஜ் என்ற இளம்பெண் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரைப் போட்டிருந்ததால் அந்தப் பக்கம் மணி அடிப்பது அறை முழுக்கக் கேட்டது. ஃபேன் சத்தம் இடைஞ்சலாக இருக்கும் என்று அதை நானே நிறுத்தியிருந்தேன். ஆனி மாதத்து வெக்கை. மூன்று பேர் கழுத்திலும் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

ஒரு ஆண் குரல் எடுத்துப் பேசியது. வளர்மதி தொண்டையைச் செருமிக்கொண்டு அரபியில் ஆரம்பித்தார். ஒரே மூச்சு. தடுமாற்றம் கிடையாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் அலுவலகத்து உதவியாளர், திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிறவர், அரபியில் வெளுத்து வாங்குகிறார்!

அந்தப் பக்கம் டொக்கென்று வைத்துவிட்டார்கள்.

மும்தாஜ் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சார் சொன்னாங்க? ஏன் வச்சிட்டாங்க? இல்லன்னுட்டாங்களா?"

"இல்லம்மா, லைன் கட்டாயிடுச்சு" என்றேன். லைன் கட்டாகவில்லை என்பது எங்கள் மூவருக்குமே தெரியும்.

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். ஜமாபந்தி என்கிற வருடாந்திர வரிக்கணக்குத் தணிக்கையின்போது பந்தலில் நடந்த அடிதடியைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதப்போய், "உங்கள் இலாகாவில் நல்லது எதுவுமே நடந்ததில்லையா?" என்று கும்பகோணத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நடந்தது ஐயா. இதோ சொல்கிறேன்.

ஜெராக்ஸ் கடை அரபி

நான் அப்போது ஹுசூர் சிரஸ்தார். பெயர்தான் நவாபு காலத்துப் பெயர். ஆட்சியர் அலுவலகத்துக் குமாஸ்தாக் கூட்டத்தையெல்லாம் கட்டி மேய்க்கிற வேலை. எந்த மாவட்டம் என்று சொல்லப்போவதில்லை. டெல்டாவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். அதனால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பட்டா, முதியோர் பென்ஷன் மனுக்களுக்கு நடுவே அரபி எழுத்துகளோடும் சில தாள்கள் வரும். சம்பளம் தரவில்லை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், ஆளையே காணோம் என்று ஒவ்வொன்றும் ஒரு கண்ணீர்க் கதை.

அந்தத் தாள்களை நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? எதிர்த்த வரிசையில் இருந்த ஜெராக்ஸ் கடைக்கு அனுப்புவோம். கடைக்காரர் கொஞ்ச காலம் வளைகுடாவில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவர். வா, போ, தூக்கு, வெயில், நாளைக்கு. இவ்வளவுதான் அவருடைய அரபி. ஆனாலும் இல்லை என்று சொல்லி அனுப்ப அவருக்கு மனசு வராது. தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கோர்ட்டு சமாச்சாரம் மாதிரி இருக்கு. பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல" என்பார். எல்லாத் தாளுக்கும் இதே மொழிபெயர்ப்பு. அரசாங்கம் அதை வாங்கிக்கொண்டு மேல்நடவடிக்கை எடுக்கும்!

ஒருநாள் கலெக்டர் இதைப் பார்த்துவிட்டார். வடக்கே இருந்து வந்த இளைஞர். தமிழைப் பரீட்சை எழுதித் தேறிவிட்டு வந்திருந்தவர். எங்களையெல்லாம் நிற்க வைத்துக் கேட்டார்.

"நான் இங்கே வேலை செய்வதற்கு உங்கள் தமிழைப் படித்தேன். 'ழ' வருவதற்கு மிகவும் கஷ்டப்பட்டேன். இப்போதும் வாழைப்பழம் என்று சொல்லச் சொன்னால் பயம். நம் ஜனங்கள் அந்த நாட்டுக்குப் போகிறார்கள். நீங்கள் ஏன் அந்த மொழியைப் படிக்கக் கூடாது? ஜெராக்ஸ் கடைக்காரர் அரசாங்க ஊழியரா?"

அடுத்த வாரமே ஜமாபந்தி நடக்கிற பெரிய ஹாலில் மாலை வகுப்பு ஆரம்பமாகிவிட்டது.

பழைய குடித்தனக்காரர்கள்

சொல்லிக்கொடுக்க வந்தவர் ஷாஹிதா. ஒரு கல்லூரியில் அரபி விரிவுரையாளர். என் மகள் வயது. கல்லூரி விட்டதும் ஸ்கூட்டரில் நேரே வருவார். ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தால் வகுப்பு ஆரம்பம் என்று அர்த்தம். ரெவின்யூ இன்ஸ்பெக்டர்களையே அதட்டி வேலை வாங்கிய நான், அந்தப் பெண்ணுக்கு முன்னால் சிலேட்டுப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

முதல் நாள் எல்லோருக்கும் ஒரே பயம். ஷாஹிதா சிரித்துக்கொண்டே கேட்டார். "உங்க ஆபீஸ்ல தினம் எழுதுற வார்த்தை நாலு சொல்லுங்க."

"பாக்கி" என்றார் ஒருவர். "வசூல்" என்றார் இன்னொருவர். அசல், நகல், ரத்து, மகசூல், வக்கீல் என்று ஆளாளுக்கு எடுத்துவிட்டார்கள்.

"எல்லாம் அரபிலேருந்து வந்ததுதான். பாதி அரபியை வச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷமா சம்பளம் வாங்கியிருக்கீங்க" என்றார். ஹால் கலகலத்துப் போயிற்று.

நான் கீழ்வேளூரில் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்தபோது பசலி என்கிற வருவாய் ஆண்டுக் கணக்கை எழுதி எழுதிக் கை தேய்ந்தவன். அந்தப் 'பசலி'யும் எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பார்த்ததில்லை. யாரோ, எப்போதோ, தெரியாத பாஷையில் வந்து நம்மிடம் வரி கேட்டிருக்கிறார்கள். நாமும் அதைப் புரிந்துகொண்டு கட்டியிருக்கிறோம், முணுமுணுத்துக்கொண்டுதான். தஞ்சாவூர் அரண்மனை நூலகத்தில் எத்தனை பாஷைச் சுவடிகள் அடுக்கியிருக்கின்றன என்று போய்ப் பாருங்கள். இந்த மண்ணுக்கு வேற்று மொழி ஒன்றும் புதிதில்லை. நடுவில் எங்கேயோ நமக்குச் சோம்பல் வந்துவிட்டது.

சோம்பலுக்குச் சாட்சி எங்கள் வகுப்புதான். முதல் வாரம் கலெக்டருக்குப் பயந்து ஹால் நிரம்பி வழிந்தது. அப்புறம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவருக்கு மாமியார் வீட்டுக் கல்யாணம், ஒருவருக்கு முட்டிவலி. முட்டிவலிக்கும் அரபிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. ஹாலைப் பூட்டும் பொறுப்பு என்னிடம் இருந்ததால் நான் கடைசிவரை இருந்தேன். பூட்டுகிற பொறுப்பு எதுவும் இல்லாமலே கடைசிவரை இருந்தவர் வளர்மதிதான்.

தொண்டையின் அடியிலிருந்து

வளர்மதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரித்திரம் படித்துவிட்டுத் தேர்வு எழுதி வேலைக்கு வந்தவர். சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார். கோப்பில் ஒரு கொக்கி, அதாவது ஆட்சேபக் குறிப்பு, விழுந்தால் அதைப் போட்டவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கூடக் காரணம் கேட்பார். அடங்காப்பிடாரி என்று ஆபீஸில் பெயர். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

ஏன் இந்தப் பாடு படுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"சார், எங்க ஊர்லேருந்து ஒரு அம்மா மனு கொண்டாந்துச்சு. நான் கவர்மென்ட் சீட்ல உக்காந்துகிட்டு, எதிர்த்த கடைக்குப் போய்ப் படிச்சுக்கிட்டு வாங்கன்னு அனுப்புனேன். அந்தம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல சார்."

பஸ்ஸில் காதில் வயரை மாட்டிக்கொண்டு அரபிச் செய்தி கேட்பார். தொண்டையின் அடியிலிருந்து வரவேண்டிய ஓர் ஒலி அவருக்குச் சண்டி பண்ணிற்று. வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அதையே பழகியிருக்கிறார். அம்மாவுக்கு வாந்தி வருகிறது என்று பிள்ளை ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்ததாம். அவராகவே சொல்லிச் சிரித்தார்.

வாரங்கள் போய் மாதங்களாயின. மனுவில் வரும் அரபித் தாள்களை வளர்மதியே படித்துச் சொல்ல ஆரம்பித்தார். புரியாத இடத்தில் "இது எனக்குத் தெரியல, மேடத்தைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்பார். ஒரு அரசு அலுவலகத்தில் தெரியாது என்பதை அவ்வளவு தெம்பாகச் சொன்னவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மும்தாஜ் வந்தார்.

உசுரோட இருக்காங்களா

மும்தாஜின் கணவர் சாதிக் வளைகுடாவில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்துவிட்டது. அன்றோடு அவருடைய போன் செத்துப்போயிற்று. முதலில் ஓர் ஆஸ்பத்திரிக்கும் பிறகு எல்லையோரத்தில் வேறொன்றுக்கும் கொண்டுபோனார்கள் என்று கூட வேலை பார்த்தவர் சொன்னார். ஆள் போய்விட்டதாகவே ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். கம்பெனிக்காரன் போனை எடுப்பதில்லை. தூதரகத்துக்கு முறைப்படி எழுதியாகிவிட்டது. பதில் வர நாளாகும்.

"வீட்டுல ஆளுக்கொண்ணு பேசுறாங்க மேடம். மாமி சாப்பாட்டுலயே கை வைக்க மாட்டேங்குறாங்க. எனக்குக் காசு பணம் ஒண்ணும் வேணாம். அவங்க உசுரோட இருக்காங்களா இல்லையான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார் மும்தாஜ்.

மலையாள நர்ஸ் இல்லாத ஆஸ்பத்திரி உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நம்பியிருந்தோம். இது பாலைவனத்து ஓரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இங்கிலீஷில் பேசிப் பார்த்தால் ஆபரேட்டர் வைத்துவிடுகிறார். அரபியைத் தவிர வேறு வழியில்லை.

அப்படிப் போட்ட போன்தான் முதலில் நான் சொன்னது. மறுபடி போட்டோம். மறுபடியும் அந்த மனிதர் வைத்துவிட்டார்.

மும்தாஜை மறுநாள் வரச் சொல்லி அனுப்பினோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் படியிறங்கிப் போவதை வளர்மதி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்றைக்கு அவர் யாரிடமும் சத்தமாகப் பேசவில்லை.

பொருளும் பார்வையும்

மாலையில் ஷாஹிதா ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் வளர்மதி நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டார்.

"சரி, போன்ல என்ன சொன்னீங்களோ அதையே எங்கிட்ட சொல்லுங்க" என்றார் ஷாஹிதா.

வளர்மதி எழுந்து நின்று ஒப்பித்தார். ஷாஹிதா கேட்டுக்கொண்டே வந்தவர் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். எனக்கு விளங்கவில்லை. தமிழில் சொல்லச் சொன்னேன்.

"பொருள்: மருத்துவம், உள்நோயாளி, சாதிக் என்பார் நிலை அறிதல், தொடர்பாக. பார்வை ஒன்று: அன்னாரின் மனைவி அளித்த மனு. பார்வை இரண்டு: மாவட்ட ஆட்சியரின் வாய்மொழி ஆணை. பார்வையில் காணும் மனுவின்மீது தங்களின் மேலான கவனம் ஈர்க்கப்படுகிறது..."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இருபது முப்பது வருஷமாக நானும் அப்படியேதான் எழுதியிருக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு அரசாங்க வேலையாகப் பேசுவது என்றால் வாயிலிருந்து மெமோதான் வரும். வளர்மதி ஒரு சொல் பிசகாமல், அழகான இலக்கண அரபியில், டெலிபோனில் மெமோ வாசித்திருக்கிறார்!

"பாவம் அந்த ஆளு. போலீஸோ கோர்ட்டோன்னு பயந்துபோய் வச்சிருப்பாரு" என்றார் ஷாஹிதா. "அங்க எடுத்ததும் விஷயத்துக்குப் போகக் கூடாது வளர்மதி. சலாம் சொல்லணும். எப்படி இருக்கீங்கன்னு கேக்கணும். உடம்பு, வீடு, பிள்ளைங்க எல்லாத்தையும் விசாரிக்கணும். அவங்களும் உங்களை விசாரிப்பாங்க. அதுக்கப்புறந்தான் காரியம்."

"மேடம், இங்க ஒருத்தி புருஷன் இருக்கானா இல்லையான்னு தெரியாம தவிக்கிறா. நான் போய் அந்த ஆளு பிள்ளைங்க சௌக்கியமான்னு கேட்டுக்கிட்டு நிக்கவா?"

"ஏன், பக்கத்து வீட்டுல சர்க்கரை கேக்கப் போனா, கதவைத் தொறந்ததும் சர்க்கரைன்னா சொல்லுவீங்க?"

வளர்மதி நோட்டைத் திறந்தார். எங்கள் ஊரில் சாப்பிட்டாயா என்று கேட்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டோம். சீட்டில் உட்கார்ந்ததும் அது எங்களுக்கு மறந்துபோகிறது.

அன்று வேறு பாடம் இல்லை. ஷாஹிதா ஆபரேட்டர், வளர்மதி வளர்மதி. நலம் விசாரிப்பதைத் திரும்பத் திரும்பப் பழகினார்கள். அவசரப்பட்டால் ஷாஹிதா ரிசீவராகப் பிடித்திருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார். லைன் கட். மறுபடி முதலிலிருந்து. நான் பூட்டும் சாவியுமாக உட்கார்ந்து இரண்டு பெண்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவர்மீதும் எனக்கு அன்றைக்கு வந்த மதிப்பு இன்றுவரை குறையவில்லை.

இப்போதைய தஞ்சாவூர்

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்று இங்கே வந்தபிறகு, காலையில் நடக்கப் போகும்போது போர்டுகளைப் பார்க்கிறேன். ஜெர்மன் கற்றுத்தரப்படும் என்கிறது ஒன்று, ஜப்பான் மொழி என்கிறது இன்னொன்று. நர்சிங் முடித்த பிள்ளைகள் டீக்கடை வாசலில் நின்று ஜெர்மன் வினைச்சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள். பெரிய கோயிலில் ஒரு வழிகாட்டி பிரெஞ்சுக்காரக் கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

ஜனங்கள் பிழைப்புக்காக முன்னே ஓடிவிட்டார்கள். அரசாங்கம்தான் பின்னால் வரவேண்டும். நம் பிள்ளைகள் எந்த நாட்டுக்கெல்லாம் போகிறார்களோ அந்த நாட்டு மொழி தெரிந்த ஒருவராவது ஒவ்வொரு ஆட்சியர் அலுவலகத்திலும் உட்கார்ந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துவிடுகிறதே என்பார்கள். தாளைப் பெயர்க்கும். டெலிபோனில் ஒரு மனிதரின் மனதை இளக வைக்க அதனால் முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நலம், நலமறிய ஆவல்

மறுநாள் காலை அதே அறை, அதே மூவர். ஷாஹிதாவுக்குக் கல்லூரி. வளர்மதி ஸ்பீக்கரைப் போட்டு எண்களை அழுத்தினார். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தே பேசினார்.

சலாம் சொன்னார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தப் பக்கம் ஒரு தயக்கம், பிறகு பதில். உடம்பை விசாரித்தார், வீட்டை விசாரித்தார். அந்த மனிதர் ஏதோ நீளமாகச் சொன்னார். வளர்மதி "அடடா" என்று தமிழில் சொல்லிவிட்டு அரபியில் தொடர்ந்தார். போனைக் கையால் மூடிக்கொண்டு எங்களிடம் கிசுகிசுத்தார். "அவர் பிள்ளைக்கு ரெண்டு நாளா காய்ச்சலாம்."

மும்தாஜ் அந்தப் பதற்றத்திலும், "இப்ப பரவால்லையான்னு கேளுங்க மேடம்" என்றார்.

கேட்டார். அந்தப் பக்கம் குரல் இளகுவது பாஷை சரியாகத் தெரியாத எனக்கே தெரிந்தது. நீங்கள் எந்த ஊர், உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று அவர் விசாரித்தார். நேற்றுப் பேசியதும் தான்தான் என்று வளர்மதி சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். தன்மேல் ஏதோ தீர்ப்பு வாசிக்கிறார்கள் என்று பயந்துவிட்டாராம்.

அதன் பிறகுதான் வளர்மதி, என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார் என்று ஆரம்பித்தார். பொருளும் இல்லை, பார்வையும் இல்லை. அவருடைய கணவர் லாரி ஓட்டுகிறவர், விபத்தில் அடிபட்டவர், அங்கே இருக்கிறாரா தெரியவில்லை என்று சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னார்.

இருங்கள் என்றார் அந்த மனிதர். இந்த முறை வைக்கவில்லை. தானே எழுந்து பார்க்கப் போய்விட்டார். லைனில் எங்கோ ஒரு தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது. மும்தாஜின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

நெடுநேரம் கழித்து அவர் திரும்பி வந்து மூச்சிரைக்கப் பேசினார். வளர்மதி ஒவ்வொரு வாக்கியமாக வாங்கி எங்களிடம் சொன்னார்.

"லாரி டிரைவர் ஒருத்தர் இருக்காராம். பேப்பரெல்லாம் லாரியோட போயிடுச்சாம், அதனால பேர் தெரியாமலே வச்சிருக்காங்களாம். கால்ல கட்டுப் போட்டிருக்கு. தலையில அடி. இத்தனை நாள் நினைவில்லாம கிடந்து, இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்காராம்."

"அவங்கதானான்னு கேளுங்க மேடம், அவங்கதானா?"

"ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்றாராம். நர்ஸுங்க எல்லாம் வேற வேற நாடு, ஒருத்தருக்கும் புரியலையாம். போனை அவர்கிட்ட கொண்டு போறாராம்." வளர்மதி மும்தாஜின் பக்கம் திரும்பினார். "அந்த நோயாளியோட பாஷை தெரிஞ்சவங்க உங்க பக்கத்துல யாராச்சும் இருக்காங்களான்னு கேக்கறார்."

மும்தாஜ் எழுந்து நின்றுவிட்டார். "நான் இருக்கேன்னு சொல்லுங்க மேடம். இருக்கேன்னு சொல்லுங்க."

வளர்மதி சொன்னார். கொஞ்சம் கரகரப்பு, யாரோ யாரிடமோ எதையோ கொடுக்கும் சத்தம். பிறகு மிகவும் களைத்த ஒரு குரல், யாருக்கும் புரியப்போவதில்லை என்று தெரிந்தும் சொல்கிற குரல், எங்கள் ஊர்த் தமிழில் வந்தது.

"வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்களேன்... நம்பர் சொல்றேன்..."

மும்தாஜ் இரண்டு கையாலும் டெலிபோனைப் பிடித்துக்கொண்டார்.

"நம்பர் வேணாங்க. நான்தான் பேசுறேன். வீட்டுலேருந்துதான் பேசுறேன்."